ஃபுல் டேங்க் அடிக்காதீங்க மாமா: கிரான் டூரிஸ்மோ 7-இல் ஒரு மணி நேரம்

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் டீசல் கணக்கு எழுதுகிறேன். மொத்தம் பதினேழு வண்டி. ட்ரிப் முடிந்து வண்டி வந்ததும் டேங்கை வாய் வரை நிரப்பச் சொல்லி, எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று வகுத்துப் பார்ப்பேன். லிட்டருக்கு நாலு கிலோமீட்டருக்குக் கீழே போனால் டிரைவரிடம் கேள்வி கேட்பேன், மேலே வந்தால் ஒரு டீ வாங்கித் தருவேன். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. இப்படிப்பட்ட ஆள் நாற்பத்து நாலு வயதில் ஒரு வீடியோ கேமுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அந்த கேமும் முக்கால்வாசி டீசல் கணக்காக இருப்பதுதான் காரணம்.

கிரான் டூரிஸ்மோ 7. ஜப்பானின் பாலிஃபோனி டிஜிட்டல் செய்த கேம், 2022 மார்ச் 4 அன்று பிளேஸ்டேஷன் பெட்டிகளான பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுக்கும் வந்தது. அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்க எங்கள் வீட்டுக்குத் தங்க வந்தபோது துணிப்பையோடு பிஎஸ்5-ஐயும் தூக்கிக்கொண்டு வந்தான். டிஸ்க் மட்டும் என் செலவு. சேலத்தில் ஒரு கடையில் பழைய டிஸ்க், 2,200 ரூபாய். அவன் விளையாடுவதைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பதோடு சரி, ரொம்ப நாள் நான் கையில் தொட்டதில்லை.

தொட வைத்தது 2025 ஜனவரி. துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததே, அந்த வாரம். ஆபீஸில் டிரைவர்கள் எல்லாரும் செல்போனைச் சுற்றி நின்றார்கள். கூட்டத்தில் மூத்தவர், முப்பது வருஷமாக வட இந்திய லைன் ஓடுகிறவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இருபத்து நாலு மணி நேரம் ஓட்டறாங்க, செரி. எண்ணெய் எங்கீங்க புடிப்பாங்க? புடிக்கிற நேரம் யாரு கணக்குல போகும்?" சின்னப் பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அன்று ராத்திரி அக்கா மகனிடம் போய் அதே கேள்வியைக் கேட்டேன். அவன் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்துவிட்டான்.

இந்த கேமில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லப் போவதில்லை. நானூறுக்கு மேல் கார்கள். ஒரு காபிக் கடை இருக்கிறது, அங்கே ஒருவர் பழைய கார்களின் கதை சொல்வார். காரைக் கழுவலாம், ஆயில் மாற்றலாம், படம் எடுத்து அழகு பார்க்கலாம். அக்கா மகன் அதிலேயே பாதி நாளைக் கழிப்பான். எனக்கு வேண்டியது நீளமான பந்தயங்கள், அதாவது எண்ணெய் பிடித்து டயர் மாற்றுகிற பிட்டுக்குள் நடுவில் ஒரு முறையாவது போய்த் தீர வேண்டியவை. பிரான்சின் லெ மான்ஸில் 30 நிமிடப் பந்தயம், ஸ்பாவில் ஒரு மணி நேரப் பந்தயம், மிஷன் பகுதியில் 'தி ஹியூமன் காமெடி' என்ற பெயரில் ஒரு மணி நேரப் பந்தயங்கள் எட்டு. மிஷன்களில் ஒவ்வொன்றுக்கும் 12 லட்சம் கிரெடிட் வரை கிடைக்கும், ஸ்பாவில் ஜெயித்தால் 15 லட்சம். கார் வாங்க கிரெடிட் வேண்டும் என்று பலர் இங்கே வருகிறார்கள். நான் வந்தது கணக்குக்கு.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக்கொள்ளக்கூடிய 'ஃப்யூல் மேப்' என்று ஒன்று இருக்கிறது, 1 முதல் 6 வரை. 1-இல் எஞ்சின் முழு பலத்தோடு இழுக்கும், எண்ணெயையும் குடிக்கும். 6-இல் குடிப்பது குறையும், நேர்ரோட்டில் வண்டி சோர்ந்து போகும். திரையின் ஓரத்தில் இருக்கிற எண்ணெய் இன்னும் எத்தனை லேப், அதாவது எத்தனை சுற்று, ஓடும் என்று புள்ளி வைத்துக் காட்டும். 6.4 என்று இருக்கும், மேப்பை இரண்டு படி ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் 7.1 ஆகும். அந்த எண் ஏறுவதைப் பார்க்கிற சுகம், மாசக் கடைசியில் வண்டிகளின் மைலேஜ் ஏறியிருப்பதைப் பார்க்கிற சுகம்தான். மேப்பைத் தொடாமலும் சேமிக்கலாம். எஞ்சின் அலறும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கியரை மாற்றினால் போதும். "பச்சைக் கோட்டுக்குள்ளயே கியரை மாத்து" என்று புது டிரைவர்களுக்கு நான் நாள்தோறும் சொல்வதுதான் இது. லாரியில் ஆர்பிஎம் மீட்டரில் பச்சைக் கோடு போட்டே கொடுத்திருப்பார்கள், பந்தயக் காரில் காதால் கேட்டுப் பிடிக்க வேண்டும்.

ஒரு கோபம். எந்தக் காரில் ஏறினாலும் டேங்க் நூறு லிட்டர் என்றே காட்டுகிறது. குட்டி ஜப்பான் காருக்கும் நூறு, லெ மான்ஸில் ஓடிய காருக்கும் நூறு. எட்டு டயர் வண்டிக்கும் ஆட்டோவுக்கும் ஒரே டேங்க் என்று யாராவது சொன்னால் எங்கள் ஆபீஸில் எழுந்து போய்விடுவார்கள்.

நான் ஓட்டுவது மஸ்டா 787பி. ஆரஞ்சும் பச்சையுமாக இருக்கும், ரோட்டரி எஞ்சின், சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். 1991-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த கார். அங்கே ஜெயித்த முதல் ஜப்பான் கம்பெனி மஸ்டாதான். அந்தக் காலத்து விதிப்படி ஒரு காருக்கு முழுப் பந்தயத்துக்கும் இவ்வளவுதான் எண்ணெய் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். முன்னால் ஓடிக்கொண்டிருந்த மெர்சிடிஸ் சி11 கடைசி மூன்று மணி நேரத்தில் எஞ்சின் சூடாகி நின்றது, பின்னால் வந்த மஸ்டா 362 லேப் ஓடி முடித்தது. கடைசியாக ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் இறங்கியதும் மயங்கி விழுந்தார், மேடையேறிக் கோப்பை வாங்கக்கூட முடியவில்லை. இதை அக்கா மகன் சொல்லக் கேட்ட ராத்திரிதான் கிரெடிட் சேர்த்து அந்தக் காரை வாங்கினேன். கேமிலும் அது நன்றாகக் குடிக்கும். எனக்குப் பொருத்தமான வண்டி.

ஸ்பா பெல்ஜியத்தில் இருக்கிறது, ஒரு சுற்று 7.004 கிலோமீட்டர். லா சூர்ஸ் என்ற ஊசி வளைவில் ஆரம்பித்து, ஓ ரூஜில் இறங்கி ரைடியோன் மேடு ஏறி, காட்டுக்கு நடுவே கெம்மெல் நேர்ரோட்டில் போகும். நிஜத்தில் அங்கே ஒரு முனையில் மழை கொட்டும்போது மறுமுனை காய்ந்து கிடக்கும் என்பது பேர்போன விஷயம். கேமிலும் அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருநாள் முழுக்க வெயில், இன்னொரு நாள் பாதியில் மழை. வண்டிக்குப் பந்தய வரம்பு 800 பிபி. பிபி என்பது காரின் திறனுக்கு கேம் போடுகிற மதிப்பெண். என் மஸ்டா அதற்கு மேல் என்பதால் எஞ்சின் மூச்சைக் கொஞ்சம் அடைத்து உள்ளே கொண்டுபோக வேண்டும்.

இனி கணக்கு. இதெல்லாம் என் வண்டிக்கு, என் ஓட்டத்துக்கு. மேப் 1-இல் காய்ந்த ரோட்டில் ஒரு லேப் 2 நிமிடம் 12 விநாடி, ஒரு டேங்க் ஏழு லேப். மேப்பை ஏற்றி, கியரையும் சீக்கிரம் மாற்றினால் லேப்புக்கு ஒன்றரை விநாடி போகும், ஆனால் டேங்க் ஒன்பது லேப் வரும். ஒரு மணி நேரத்துக்கு இருபத்தாறு, இருபத்தேழு லேப். ஏழு லேப் கணக்கில் போனால் மூன்று முறை பிட்டுக்குள் போக வேண்டும், ஒன்பது லேப் கணக்கில் இரண்டு முறை போதும். ஒரு முறை உள்ளே போய் வெளியே வர எனக்கு ஐம்பது விநாடி ஆகிறது. இருபத்தேழு லேப்பிலும் ஒன்றரை விநாடி விட்டால் நாற்பது விநாடி. ஆக மெதுவாகப் போகிறவனுக்குப் பத்து விநாடி லாபம். ஒரு மணி நேர ஓட்டத்தில் வெறும் பத்து விநாடி! ஒரு இடத்தில் சறுக்கினால் அது போச்சு. இந்தக் கேமைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே விலை என்று வைத்துவிட்டு, உன் இஷ்டம் என்று விட்டுவிடுகிறார்கள்.

மழை வந்தால் இந்தக் கணக்கு முழுக்கக் கலைந்துவிடும், ஆட்டத்தின் ருசி அப்போதுதான். திரையில் ரேடாரைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், மேகம் நகர்ந்து வருவது தெரியும். ரோட்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்ட ஒரு சின்னப் பட்டை உண்டு. அது ஏற ஏற, வரியில்லாத ஸ்லிக் டயர் பிடிமானம் இழக்கும், ஈர ரோட்டுக்கான இன்டர்மீடியட் டயருக்கு வேலை வரும். எண்ணெய்க்காக ஒரு முறை, டயருக்காக ஒரு முறை என்று தனித்தனியாக உள்ளே போனவன் தோற்றான். இரண்டையும் ஒரே நிறுத்தத்தில் முடிக்கிற மாதிரி மழையைப் பிடிக்க வேண்டும். போதாததற்கு, மழையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்க முடியாது என்பதால் எண்ணெயும் குறைவாகத்தான் செலவாகும். மழையில் மெதுவாகப் போனால் மைலேஜ் கொஞ்சம் ஏறும் என்று எங்கள் டிரைவர்களும் சொல்வார்கள். நான் அதை நம்பாமல் எத்தனையோ தடவை அவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போது போடுவதில்லை.

பழைய ட்ரிப் ஷீட் நோட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பந்தயத்தையும் எழுதி வைக்கிறேன். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், பிடித்த எண்ணெய், தாமதத்துக்குக் காரணம். கட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே அச்சடித்தே இருக்கின்றன. இப்போது சொல்லப் போவது அந்த நோட்டின் பதினொன்றாவது ட்ரிப்.

கடைசி இடத்திலிருந்து கிளம்பினேன். ஆறாவது லேப்புக்குள் நாலாவது இடம். ரேடாரில் பெரிய மேகம் வந்துகொண்டிருந்தது. "மாமா, வருது பாருங்க, எல்லாருக்கும் முன்னாடி உள்ள போயிருங்க" என்றான் அக்கா மகன். ஏழாவது லேப் முடிவில், பஸ் ஸ்டாப் வளைவு தாண்டியதும் பிட்டுக்குள் திரும்பிவிட்டேன். இன்டர்மீடியட் டயர், ஃபுல் டேங்க். வெளியே வந்தால் ரோடு பளபளவென்று காய்ந்திருக்கிறது. மேகம் ஓரமாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. மழை டயர் காய்ந்த ரோட்டில் சூடேறி வெண்ணெய் மாதிரி வழுக்கியது. பூஹோன் வளைவில் இரண்டு முறை வெளியே போனேன். இரண்டரை லேப் அப்படியே. ஒன்பதாவது இடத்துக்கு இறங்கி, முதல் காருக்கு 48 விநாடி பின்னால் ஆனேன். அக்கா மகன் ஒன்றும் பேசாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

பத்தாவது லேப் பாதியில் கொட்டியது பாருங்கள். முன்னால் போனவை எல்லாம் கம்ப்யூட்டர் கார்கள்தான், ஆனால் அன்று எனக்கு எட்டு டிரைவர்களாகத் தெரிந்தார்கள். ஸ்லிக் டயரோடு ஒரு லேப்புக்கு மேல் தத்தித் தத்திப் போய், ஒவ்வொன்றாகப் பிட்டுக்குள் நுழைந்தார்கள். நான் ரைடியோன் மேட்டில் நிதானமாக ஏறி அவர்களைத் தாண்டினேன். பன்னிரண்டாவது லேப்பில் மூன்றாவது இடம், இடைவெளி 12 விநாடி. ஓட்டும் திறமையில் நான் அவர்களில் யாரையும் ஜெயிக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்பு எது என்னைத் தரையில் தள்ளியதோ அதே முடிவுதான் இப்போது தூக்கிவிட்டது. அக்கா மகன் சொம்போடு திரும்பி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு மழையில் மேப் 6. முதல் கார்களைத் துரத்தவில்லை, கண்ணில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு டேங்க்கில் பதின்மூன்று லேப் ஓட்டினேன். என் வாழ்நாள் சாதனை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். இருபதாவது லேப்பில் ரோடு காய்ந்து வந்தது. மற்றவர்களுக்கு அதற்குள் எண்ணெய் தீர்ந்து இன்னொரு முறை உள்ளே போய் வந்திருந்தார்கள். நான் கடைசி முறையாகப் பிட்டுக்குள் போனேன். மிச்சம் ஐந்து லேப்தான். ஸ்லிக் டயர் என்று அழுத்தினேன், எண்ணெயை... இருபது வருஷப் பழக்கம். டேங்க் வாய் வரை நிறைந்தால்தான் எனக்குக் கணக்கு நேராகும். கையை எடுத்துவிட்டேன், அது நூறு வரை நிரப்பிக்கொண்டே இருந்தது. "மாமா! ஃபுல் டேங்க் அடிக்காதீங்க மாமா! அஞ்சு லேப்புதான்!" என்று அவன் கத்தும்போது எண்பதைத் தாண்டியிருந்தது.

ஐந்து லேப்புக்கு மேப் 1-இல் அடித்து ஓட்டினாலும் 72 லிட்டர் போதும். மீதி 28 லிட்டரை வெறுமனே சுமந்துகொண்டு ஊரைச் சுற்றினேன். கடைசி லேப்பில் முதல் காரின் பின் விளக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவதாக முடித்தேன், இடைவெளி 1.8 விநாடி. அந்த 28 லிட்டரை ஊற்ற ஆன நேரம் அதைவிட அதிகம். தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் "கணக்கர்" என்று எழுதினேன்.

இனி குறைகள். முதல் குறை, பிட் பாதையில் நுழைந்ததும் ஸ்டியரிங்கை கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்கிறது. நம் வேலை டயரையும் எண்ணெயையும் தேர்ந்தெடுப்பது மட்டுமே. அக்கா மகனின் நண்பன் வீட்டில் அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்ஸியோனே என்று ஒரு இத்தாலி கேம் பார்த்தேன், ஜிடி3 போன்ற பந்தயக் கார் வகைகளுக்கென்றே உள்ளது. அதில் எவ்வளவு எண்ணெய், எந்த டயர், டயரில் எவ்வளவு காற்று என்பதை எல்லாம் உள்ளே வருவதற்கு முன்பே ஓட்டிக்கொண்டே குறித்துவைக்க வேண்டும். வேகத்தை 50-க்குக் குறைக்க லிமிட்டரை நாமே போட வேண்டும், நம் இடத்தில் கோட்டுக்குள் நாமே நிறுத்த வேண்டும். மறந்தால் தண்டனை. அந்தப் பையன் கோட்டைத் தாண்டிப் போய் நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்தபோது, கிரான் டூரிஸ்மோவில் என் தவறுகளில் பாதியை எனக்குக் கொடுக்காமலே வைத்துக்கொண்டார்கள் என்று பட்டது. ஆனாலும் அந்தக் கேமை நான் வாங்க மாட்டேன். ஆபீஸ் முடிந்து வந்தவனுக்கு டயர் காற்று அளவைக்கூட யோசிக்கச் சொன்னால் அது ஓவர்டைம்.

இரண்டாவது, இந்தப் பந்தயங்களின் தொடக்கம். கார்கள் வரிசையாக இடைவெளி விட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நம்மைக் கடைசியில் சேர்த்துவிடுகிறார்கள். முதல் கார் கண்ணுக்கே எட்டாத தூரத்தில் கிளம்பிப் போகும். ஆகவே இங்கே மீண்டு வருதல் என்பது பாதி உண்மை, பாதி ஏற்பாடு. நாம் எப்போதும் பின்னாலிருந்து வருகிறவர்கள்தான். தகுதிச் சுற்று ஓட்டி, முன்னால் நின்று, அதைப் பறிகொடுத்து, திரும்பப் பிடித்தால் அதன் ருசி வேறு. கஸ்டம் ரேஸில் டயர் தேய்மானம், எண்ணெய்ச் செலவு, எண்ணெய் ஊற்றும் வேகம், வானிலை எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஓரளவு ஈடாகிறது. நூர்பர்க்ரிங்கின் 25 கிலோமீட்டர் பாதையில் ராத்திரி கிளம்பி விடியற்காலையில் முடிகிற மாதிரி ஒன்று அமைத்து வைத்திருக்கிறேன். அதற்குக் கிடைக்கும் கிரெடிட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

மூன்றாவது, இந்த ஒரு மணி நேரப் பந்தயத்தை நடுவில் சேமித்து வைக்க முடியாது. எங்கள் தெருவில் கரண்ட் போகிற நேரம் யாருக்கும் தெரியாது. ஏழாவது ட்ரிப் 41-வது நிமிடத்தில் நின்றதற்கு நோட்டில் "ட்ரான்ஸ்பார்மர்" என்று எழுதியிருக்கிறேன். பிறகு டிவிக்கும் பெட்டிக்கும் சேர்த்து யூபிஎஸ் வாங்கினேன், டிஸ்க்கைவிட விலை அதிகம். தனியாக விளையாடும்போதும் இணையம் இருந்தால்தான் கிரெடிட் சேரும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

லெ மான்ஸ் 30 நிமிடப் பந்தயம் வேறு ஜாதி. ஒரு சுற்றே 13.626 கிலோமீட்டர், என் கைக்கு நாலு நிமிடம். பிட் வாசலைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு நாலு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் மழை பிடித்தால் ஸ்லிக் டயரோடு முல்சான் நேர்ரோட்டில் கும்பிட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். 7 லட்சம் கிரெடிட் கிடைக்கும், ஒரு முறைதான் உள்ளே போக வேண்டியிருக்கும், ஆகவே ஆபீஸ் நாள்களுக்கு அதுதான் சரி. அங்கே ஓட்டும்போதெல்லாம் நம்மூர்க்காரர்கள் நினைவு வரும். 2009-இல் கோவையின் நரேன் கார்த்திகேயன் ஆடி காரில் அங்கே போனார். பந்தயம் தொடங்கும் முன் விழுந்து தோள்பட்டை நழுவி ஓட்ட முடியாமல் போனது, மீதி இருவர் மட்டுமே 24 மணி நேரத்தையும் பங்குபோட்டு ஓட்டி ஏழாவதாக முடித்தார்கள். 2012-இல் சென்னையின் கருண் சந்தோக் ஓட்டிய கார் ஆறாவதாக வந்தது. இதை ஆபீஸில் சொன்னபோது மூத்த டிரைவர் கேட்டார்: "ரெண்டே பேரு ஓட்டினாங்களா? பேட்டா மூணு பேருக்கும் குடுத்தாங்களா?"

வாங்கலாமா? வேகம், சேஸிங், பக்கத்து காரை இடித்துத் தள்ளுவது இதெல்லாம் வேண்டும் என்றால் வேறு கேம்கள் இருக்கின்றன. 24 மணி நேரப் பந்தயத்தை அதன் முழு ஒழுங்கோடும் விளையாட வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் லெ மான்ஸ் அல்டிமேட் போன்றவை உண்டு, அதற்கு வண்டி பாடி கட்டுகிற செலவு ஆகும். சோபாவில் உட்கார்ந்து, சாதாரண கன்ட்ரோலரோடு, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம் எண்ணெயையும் மழையையும் எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய டிஸ்க்காகவே வாங்குங்கள். 2,200-க்கு மேல் கொடுக்காதீர்கள். பத்துக்கு எட்டு போடுவேன். பிட்டுக்குள் ஸ்டியரிங்கை என்னிடமே விட்டிருந்தால் ஒன்பது.

பன்னிரண்டாவது ட்ரிப்பையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு, அதே ஸ்பா, அன்று முழுக்க வெயில். இந்த முறை ஃபுல் டேங்க் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு நிறுத்தம். கடைசி நிறுத்தம் பதினெட்டாவது லேப்பில். நோட்டில் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: இப்போது போகிற வேகத்தில் இருபத்தாறாவது லேப்பின் கோட்டை 60 நிமிடம் 4 விநாடியில் தாண்டுவேன், அதோடு பந்தயம் முடியும். ஆக எட்டு லேப்புக்கு எண்ணெய், மேலே அரை லேப்புக்குக் கொசுறு. சரியாக அந்த எண்ணில் நிறுத்தி அழுத்தினேன். அக்கா மகன் கைதட்டினான்.

இருபத்திரண்டாவது லேப்பில் கெம்மெல் நேர்ரோட்டில் முதல் காரைத் தாண்டினேன். பதினொரு ட்ரிப்பில் ஒருமுறைகூட முதலிடத்தில் ஓடியதில்லை. முன்னால் ரோடு காலி. கை தானாகப் போய் மேப்பை 2-க்கு இறக்கியது. "அடிங்க மாமா, அடிங்க!" என்று அவனும் சேர்ந்து கத்தினான். லேப்புக்கு ஒன்றரை விநாடி கூடுதல் வேகம். நாலு லேப். இருபத்தாறாவது லேப்பின் கோட்டை முதலாவதாகத் தாண்டினேன். கொடி இறங்கவில்லை. மேலே கடிகாரத்தைப் பார்த்தேன், 59 நிமிடம் 58 விநாடி.

நேர அளவு வைத்த பந்தயத்தில், மணி அடிப்பதற்கு முன் முதல் கார் கோட்டைத் தாண்டிவிட்டால் இன்னொரு முழுச் சுற்று ஓட வேண்டும். பிட் வாசலோ கோட்டுக்கு முன்பே போய்விட்டது. எண்ணெய் மீட்டர் 0.4 லேப் என்றது. அரை லேப் கொசுறிலும் கொஞ்சத்தை மேப் 2 குடித்திருந்தது. மேப்பை 6-க்குத் தள்ளி, சரிவில் எல்லாம் காலை எடுத்து, எங்கள் டிரைவர்கள் செய்தால் திட்டுகிற எல்லாவற்றையும் செய்தேன். பூஹோனைத் தாண்டியது. ஸ்டாவெலோவுக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் சத்தம் அடங்கி, வண்டி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது. ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போனார்கள். ஏழு பேர் வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.

"மாமா, ரெண்டு விநாடி மெதுவா வந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்றான் அவன்.

நோட்டை எடுத்து, தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் "சீக்கிரம் வந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.